சேறு படாத டயர்

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவை எழுப்புவது பார்த்தசாரதி கோயில் மணியும் இல்லை, பெரிய மசூதியின் பாங்கும் இல்லை. ஒரு பழைய டீசல் ஜீப். முதல் தடவை சாவியைத் திருகினால் ஒரு முனகல். இரண்டாவது தடவை ஒரு இருமல். மூன்றாவதில் தடதடவென்று பிடித்துக்கொண்டால், எதிர் மேன்ஷனின் இரண்டாவது மாடியில் ஜன்னல் திறக்கும். செகண்ட் ஷோ பார்த்துவிட்டு வந்து அப்போதுதான் கண்ணயர்ந்த ஒரு பேச்சிலர், "யோவ், ஏரிக்குப் போறதுன்னா சத்தம் போடாமப் போய்யா!" என்று கத்துவார். என் மச்சினன் அவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு கியரைத் தட்டுவான். பக்கத்து சீட்டில் தூக்கக் கலக்கத்தோடு, புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜீவன் அடியேன்தான்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஒரு புத்தகத்தையோ சினிமாவையோ பிடித்து அலசுவேன். இந்த வாரம் அலசப்போவது அந்த ஜீப்பை. 'வண்டிக்கெல்லாம் விமர்சனமா? அது மோட்டார் பத்திரிகைக்காரர்கள் வேலையாச்சே' என்று முகம் சுளிக்காதீர்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நான் சொல்லப்போவதில்லை. (சொன்னால் அழுவீர்கள்.) நான் கேட்க வந்தது வேறு. நல்லபடியாக எழுதி முடித்த ஒரு படைப்பில் இன்னொருவர் கைவைக்கலாமா? வைக்கலாம் என்றால் எதுவரைக்கும்?

பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா மூன்று வார்த்தை சொல்லித் தந்திருப்பார். மூலம், உரை, இடைச்செருகல். மூலம், ஆசிரியர் எழுதியது. உரை, மூலத்தில் இருப்பதை நமக்கு எட்டும்படி செய்வது. இடைச்செருகல், பின்னால் வந்த ஒருவர் தன் சொந்தச் சரக்கை நைஸாக நடுவில் சொருகிவிட்டுப் போவது. கம்பராமாயணத்திலேயே எது கம்பர் பாட்டு, எது மற்றவர் சொருகியது என்று பண்டிதர்கள் ஒரு ஆயுசு முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சென்னையில் ஓடும் 'மாடிஃபை' செய்த ஜீப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பண்டிதர்கள் ஞாபகம்தான் வருகிறது.

முதலில் மூலத்தைப் பார்ப்போம்.

1940-ல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது. சின்னதாக, லேசாக, நான்கு சக்கரமும் இழுக்கிற மாதிரி ஒரு வண்டி வேண்டும். மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். முடியும் என்று துணிந்து வாக்குக் கொடுத்தது பாண்டம் என்ற நோஞ்சான் கம்பெனி. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற எஞ்சினீயர் இரண்டே நாளில் வரைபடம் போட்டார். சொன்ன கெடுவுக்குள், செப்டம்பர் 23-ம் தேதி, வண்டி வந்து நின்றது. அப்புறம் வழக்கமான கதைதான். பாண்டத்துக்கு இவ்வளவு பெரிய ஆர்டரைச் செய்ய வசதி போதாது என்று வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளுக்குப் பெரும்பங்கு போனது. யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேலே ஜீப்புகள். யோசித்தவன் ஒருவன், சம்பாதித்தவன் இன்னொருவன். நம் சினிமாக் கதை இலாகா மாதிரியே இல்லை?

1951-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டுக் கார்களைக் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தது. விலையுயர்ந்த, பளபளா கார்களுக்கு நடுவில் ஒரு ஜீப்பும் நின்றது. ஏன் நின்றது என்பது ஒரு நல்ல ஜீப்பை ஐந்து நிமிஷம் சுற்றிவந்து பார்த்தால் தெரியும். அதில் அலங்காரம் கிடையாது. மட்கார்டு தட்டையாக இருக்கிறது, ஏனென்றால் தகட்டை மடக்குவது சுலபம். அதன்மேல் மேப்பை விரிக்கலாம், சோற்றுத் தட்டையும் வைக்கலாம். முன்கண்ணாடி மடங்குகிறது. கதவு இல்லை, ஏனென்றால் அவசரத்துக்குக் குதிக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பும் 'நான் இதற்காக இருக்கிறேன்' என்று சொல்லும். சொல்ல முடியாத உறுப்பு எதுவும் அந்த வண்டியில் இல்லை. நல்ல வசனம் எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். யாருக்கு என்று பெயர் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ளமாட்டேன்.

யுத்தத்துக்குப் பிறகு மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் கோத்து விற்க ஆரம்பித்தது. நம் ஜனங்களுக்கு அறிமுகமான ஜீப் அதுதான். ஆனால் எப்படி அறிமுகம்? கிராமத்தில் வளர்ந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஜீப் வந்தால் ஒன்று போலீஸ், இல்லாவிட்டால் தாசில்தார். கடன் வசூல், ஜப்தி, அம்மை ஊசி, ஓட்டுக் கேட்பு. எதுவாக இருந்தாலும் ஜீப்பிலிருந்து இறங்குகிறவர் சர்க்கார், இல்லாவிட்டால் சர்க்காராக ஆசைப்படுகிறவர். நாம் நிற்க, அவர் உட்கார்ந்திருப்பார். ஜீப் என்பது அரை நூற்றாண்டுக் காலம் நம்மைப் பார்க்க வந்த அதிகாரத்தின் வாகனம்.

அதை ஒரு சாமானியன் தன் சொந்தச் சந்தோஷத்துக்காக, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஏரிக்கரைக்குப் போவதற்காக வாங்குகிறான் என்பதே என்னைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி. அந்த வகையில் என் மச்சினனுக்கு முதல் மார்க் போட்டுவிடுகிறேன்.

*

அவன் வாங்கியது 1994 மாடல் எம்.எம்.540. மஹிந்திரா ஜீப், பெஜோ டீசல் எஞ்சின். வாங்கியது 2009-ல். பதினைந்து வருஷப் பதிவு முடிந்து, புதுப்பிக்கச் சோம்பல்பட்ட ஒரு எஸ்டேட்காரர் தள்ளிவிட்டார். விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

நான் பி.காம். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் போடலாம் என்று படித்தவன். இந்த வண்டி விஷயத்தில் அந்தப் படிப்பு தலைகீழாக நின்றது. வருஷா வருஷம் வண்டிக்கு வயசு ஏறியது, கூடவே மதிப்பும் ஏறியது, அவன் பேங்க் பாஸ்புக்கில் மட்டும் தேய்மானம்.

திருவல்லிக்கேணியில் குடியிருக்கிறவனுக்குப் பழைய வண்டி வாங்கும் வியாதி வந்தால் மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் ஆபத்து. மவுன்ட் ரோடு பக்கம் போனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புது உதிரி பாகம். கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை, பழசு. புதுப்பேட்டைச் சந்துகளில் நடந்திருக்கிறீர்களோ? ஒரு கடை முழுக்கக் கதவு. அடுத்த கடை முழுக்க ரேடியேட்டர். இன்னொன்றில் ஸ்டீயரிங்காகத் தொங்கும். ஒரு காரை நினைத்துக்கொண்டு ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிடலாம்.

அங்கே மச்சினனுக்கு ஒரு பாய் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். ஸ்பானரைக் காதில் வைத்து எஞ்சின் சத்தம் கேட்பார், டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற மாதிரி. அவரிடம் முதல் நாளே மச்சினன் ஒரு லிஸ்ட்டை நீட்டினான். பெரிய டயர், உயரத் தூக்கிய பட்டை, வின்ச், கூரையில் லைட் வரிசை, முன்னால் இரும்பு பம்பர், ஸ்நார்க்கல். பாய் லிஸ்ட்டைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, வண்டி எங்க போவப்போவுது?"

மச்சினன் முழித்தான். 'அழகாக இருக்கும்' என்பது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. விமர்சனம் என்ற பெயரில் நான் இருபது வருஷமாகப் பக்கம் பக்கமாகச் சுற்றி வளைத்துக் கேட்பதை பாய் ஒரு வரியில் கேட்டுவிட்டார்.

*

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டயர். சேற்றுக்கான டயரில் பெரிய பெரிய கட்டையாகப் பூ இருக்கும். சேறு அந்த இடுக்குகளில் ஏறி, சக்கரம் சுற்றும்போது தெறித்து விழும். பிடிமானம் கிடைக்கும். தார் ரோட்டில் அதே டயர் உறுமும், பிரேக் பிடித்தால் சாதா டயர் மாதிரி நிற்காது. அளவும் பெரிசாகப் போட்டால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். முள் அறுபது காட்டும்போது வண்டி அதற்கு மேலே போய்க்கொண்டிருக்கும். தி.நகரில் சாயங்கால நேரத்தில் இந்த மாதிரி டயர் போட்ட ஜீப்புகளைப் பார்க்கிறேன். டயரில் பாலீஷ் போட்டிருக்கிறார்கள். பாண்டி பஜாரில் ஏது சேறு? மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஏ.சி. ஹாலில் உட்காருகிற மாதிரி.

உயரம் தூக்குவது. கல் தட்டாமல் இருக்க இரண்டு அங்குலம் தூக்கினால் உரை. ஏணி போட்டு ஏறுகிற உயரத்துக்குத் தூக்கினால் இடைச்செருகல். ஜீப்புக்கு அகலம் குறைவு. உயரத்தைக் கூட்டக் கூட்ட, திருப்பத்தில் கவிழும் ஆசை அதற்கு அதிகமாகும். மூல ஆசிரியர் போட்ட எடைக் கணக்கு அது. நாம் ஜாக்கி வைத்துத் தூக்கினால் கணக்கு மாறாமல் இருக்குமா?

இரும்பு பம்பர். இதற்கு நான் பூஜ்யம்தான் போடுவேன். மோதினால் நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதற்காகத்தான் வண்டியின் முன்பக்கம் இருக்கிறது. அதற்கு முன்னால் நசுங்காத இரும்பைக் கட்டினால் அடியை யார் வாங்குவார்? எதிரே நடந்து வருகிறவர். எங்கள் தெருவில் காலையில் கோலம் போடுகிறார்கள், சாயங்காலம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், நாள் முழுக்க மாடு நிற்கிறது. மத்திய அரசு 2017 டிசம்பரில் இந்தக் கம்பிகளுக்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதமே எழுதியது.

கூரை லைட். ஆள் இல்லாத காட்டில் சரி. ஈ.சி.ஆரில் எதிரே ஸ்கூட்டரில் வருகிறவருக்கு இரண்டு வினாடி குருட்டுத்தனம். பூஜ்யத்துக்குக் கீழே மார்க் போட முடிந்தால் போடலாம்.

ஸ்நார்க்கல். எஞ்சின் மூச்சு விடுகிற குழாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோவது. பழைய டீசல் எஞ்சின் ஒரு தடவை ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் கரண்ட் அவ்வளவாகத் தேவையில்லை. தண்ணீரில் நனைந்தாலும் ஓடும். ஆனால் மூச்சுக்குழாயில் தண்ணீர் போனால் தீர்ந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே இருக்கிற கம்பி வளைந்து எஞ்சின் போய்விடும். அதனால் ஸ்நார்க்கலுக்கு அர்த்தம் உண்டு. ஆனால் இணைப்பு ஒவ்வொன்றும் காற்றுப் புகாமல் அடைத்திருக்க வேண்டும். புதுப்பேட்டையில் பாய் எனக்கு ஒரு வண்டியைக் காட்டினார். வெளியே பிரமாதமான ஸ்நார்க்கல். பானெட்டைத் திறந்தால் அது எதோடும் சேரவில்லை. தகட்டில் ஸ்குரூ போட்டு ஒட்டிவைத்திருக்கிறார்கள். பாய் சிரிக்கவில்லை. "போட்டோவுக்குப் போட்டது சார்" என்றார்.

முன்னுரையில் பெரிய பெரிய மேல்நாட்டுப் பெயராக உதிர்த்துவிட்டு, உள்ளே கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத நாவல்கள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

*

சரி, வண்டி எங்கே போகிறது? பூண்டிக்கு. எங்களுக்கு அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம். திருவள்ளூர் தாண்டி, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கம். அதன் முழுப்பெயர் சத்தியமூர்த்தி சாகர். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு வழி செய்ய, மேயராக இருந்தபோது பாடுபட்டவர் தீரர் சத்தியமூர்த்தி. அணை முடிந்தது 1944-ல். அவர் 1943 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். தான் தவித்துக் கேட்ட தண்ணீரைக் கண்ணால் பார்க்காமலே போனவர்.

அங்கே போய் என்ன செய்கிறோம்? ஒன்றும் செய்வதில்லை. அதுதான் விசேஷம். புளியோதரை, தயிர்சாதம், மோர்மிளகாய். மரத்தடியில் ஒரு பழைய பெட்ஷீட். தண்ணீர்மேல் தாழப் பறக்கிற பறவைகளுக்கு மச்சினன் மகள் பெயர் கண்டுபிடிப்பாள். நாங்கள் தப்பாகச் சொல்வோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு குடியம் பக்கம் ஒரு ரவுண்டு. அங்கே கல்லும் முள்ளுமாக ஒரு தடம். மச்சினன் வண்டியை நிறுத்தி, சின்ன லீவரைத் தள்ளுவான். முன் சக்கரமும் சேர்ந்து இழுக்க ஆரம்பிக்கும். இன்னொரு தள்ளு, லோ கியர். எஞ்சின் சத்தம் அதேதான், ஆனால் வண்டி மனுஷன் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடும். இழுவை இரண்டரை மடங்கு ஏறும். ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவி, யானை நடக்கிற மாதிரி போகும். எனக்கு அந்தப் பதினைந்து நிமிஷம் ரொம்பப் பிடிக்கும். எல்லா வண்டியும் வேகத்தை விற்கிற காலத்தில், மெதுவாகப் போவதற்கென்றே தனியாக ஒரு கியர் வைத்துக் கட்டியிருக்கிறார்களே! கடைசித் தூரம் நடந்துபோனால் குடியம் குகை. பக்கத்தில் அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதனின் கல் ஆயுதங்களைக் கண்டெடுத்த இடம். அங்கே கிடைத்த ஒரு வகைக் கருவிகளுக்குச் சுமார் 3,85,000 வருஷ வயது என்று 2018-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். பூண்டியில் இருக்கிற அருங்காட்சியகத்தில் கைக்கோடரிகளைப் பார்க்கலாம். போனால் கொஞ்சம் நின்று பாருங்கள். கைக்கு அடக்கமாக, ஒரு பக்கம் பிடிக்க, ஒரு பக்கம் வெட்ட. தேவையில்லாத ஒரு கொத்து அதில் இல்லை.

'பொன்னியின் செல்வ'னை ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரைமேல் வருகிற ஒரு இளைஞனை வைத்துத்தான் கல்கி ஆரம்பிக்கிறார். தமிழனுக்கு ஏரியும் சவாரியும் சேர்ந்தால் ஒரு கிறக்கம் வருவதில் ஆச்சரியமில்லை. எங்கள் பேட்டையின் பெயரே திரு அல்லிக் கேணி. ஒரு குளத்தின் பெயரை முகவரியில் வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்க்க அறுபது கிலோமீட்டர் போகிறவர்கள் நாங்கள்.

*

இத்தோடு முடித்திருந்தால் இது ஒரு சுகமான கட்டுரை. ஆனால் இரண்டு சம்பவம் சொல்ல வேண்டும்.

முதலாவது 2015 டிசம்பர். உங்களுக்கு மறந்திருக்காது. 1-ம் தேதி ராத்திரி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். வாராவாரம் நாங்கள் ஏரியைப் பார்க்கப் போனோம். அன்றைக்கு ஏரி எங்களைப் பார்க்க வந்தது. கோட்டூர்புரத்தில் என் மனைவியின் சித்தி, தரைத்தளத்தில், தனியாக. போன் எடுக்கவில்லை. மச்சினன் எதுவும் பேசாமல் சாவியை எடுத்தான்.

நான் அன்றைக்குத்தான் அந்த வண்டியை முழுசாகப் புரிந்துகொண்டேன். லோ கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரே நிலையில் பிடித்து, நிற்காமல், அவசரப்படாமல். முன்னால் ஒரு அலை எழும்பி வண்டியோடு கூடவே வந்தது. தண்ணீர் மட்கார்டைத் தொட்டது, பிறகு பானெட் ஓரத்தை. என் தொடைவரை ஈரம். எஞ்சின் மட்டும் கூரையிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு தடதடத்தது. சித்தி முதல் மாடிக்காரர்கள் வீட்டில் பத்திரமாக இருந்தார். அவரையும், அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு கைக்குழந்தையையும் அதன் அம்மாவையும், டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒரு பெரியவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அன்றும் மறுநாளுமாக ஆறு நடை. பால், பிரெட், மாத்திரை. கூரை லைட் எரியவே இல்லை; ஈரத்தில் பியூஸ் போயிருந்தது. இரும்பு பம்பரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உரை எது, இடைச்செருகல் எது என்று அந்த ரெண்டு நாள் தண்ணீர் பிரித்துக் காட்டிவிட்டது.

இரண்டாவது சம்பவம் 2019 மே. வானம் பொய்த்து, நாலு ஏரியும் காய்ந்த வருஷம். பூண்டியில் தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. நடுவில் வெடித்துக் கிடந்த தரை. மச்சினனுக்குக் கை பரபரத்தது. "மாமா, ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏரிக்குள் இறங்கினோம். கொஞ்ச நேரம் குஷியாகத்தான் இருந்தது. தண்ணீருக்கு ஐம்பதடி முன்னால், மேலே காய்ந்து அடியில் ஊறிக்கிடந்த வண்டலில் நான்கு சக்கரமும் இறங்கின. அவன் அழுத்த அழுத்த இன்னும் இறங்கின. வின்ச் கம்பியைக் கட்ட ஒரு மரம் வேண்டாமா? ஏரிக்குள் ஏது மரம்?

இரண்டு மணி நேரம் கழித்து ஒருவர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. வண்டி வெளியே வந்ததும் மச்சினன் பழக்க தோஷத்தில் பக்கெட்டை எடுத்துக்கொண்டு சேற்றைக் கழுவத் தண்ணீரை நோக்கி நடந்தான். அவர் தடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "சாருக்கு எந்த ஊரு?" என்றார்.

"மெட்ராஸ்... திருவல்லிக்கேணி."

"அப்ப இது உங்க தண்ணி சார். நாங்க கெணத்துல குடிக்கிறோம்."

மச்சினன் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டான்.

அந்தப் பெரியவர் சொன்னது கணக்குப்படி சரி. பூண்டித் தண்ணீர் கால்வாய் வழியாகப் புழலுக்குப் போகிறது. புழலிலிருந்து கீழ்ப்பாக்கம். கீழ்ப்பாக்கத்திலிருந்து நம் குழாய். கியர் ஆயில், கிரீஸ், டீசல் கசிவு எல்லாம் அப்பிய ஒரு ஜீப்பை நாங்கள் கழுவப் போனது எங்கள் வீட்டுக் குடத்தில். அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருவில் லாரிக்காகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. ராத்திரி ஒரு மணிக்கு அந்த வரிசையில் மச்சினனும் நின்றான். நானும் நின்றேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் பாய் கேட்டிருக்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ஏரி என்பது தண்ணீர் இருக்கும்போது மட்டும் ஏரி இல்லை. காய்ந்தாலும் அது ஏரிதான். கரை மண்ணால் ஆனது. மதகும் கலங்கலும் வரத்துக்கால்களும் யாரோ கூலிக்கு மண் சுமந்து செய்தவை. அதுவும் ஒரு மூலம். அதன்மேல் டயர்த் தடம் போடுவதும் ஒரு இடைச்செருகல்தான்.

*

அதே 2019-ல் பதிவைப் புதுப்பிக்கும் முறை வந்தது. ஜனவரியில்தான் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் இருக்கிற கம்பெனி வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அந்த வருஷமே சட்டத்தையும் திருத்தி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில் என்று போட்டுவிட்டார்கள். பாய் பட்டறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். லைட் போனது, நல்லது. பம்பர் போனது, ரொம்ப நல்லது. பெரிய டயர் போய்க் கம்பெனி அளவு வந்தது. ஸ்நார்க்கலும் போனது.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். சட்டத்துக்கு உரையும் தெரியாது, இடைச்செருகலும் தெரியாது. மூலம் மட்டும்தான் தெரியும். தகட்டில் ஸ்குரூ போட்ட போலி ஸ்நார்க்கலும் கைக்குழந்தையைக் கரை சேர்த்த ஸ்நார்க்கலும் அதன் கண்ணுக்கு ஒன்று. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று, வேளச்சேரியில் என்னோடு வேலை பார்ப்பவரின் பெற்றோர் மாட்டிக்கொண்டார்கள். ஜீப்பை எடுத்தோம். தண்ணீர் ஹெட்லைட்டைத் தொடும் இடம் வந்ததும் மச்சினன் நிறுத்தினான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "முடியாது மாமா" என்று ரிவர்ஸ் எடுத்தான். அவர்களை மறுநாள் படகில் கூட்டிவந்தார்கள். நல்லபடியாகத்தான் வந்தார்கள். ஆனால் அந்த ஒரு ராத்திரி என் நண்பர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும்.

அதற்காகச் சட்டத்தைத் திட்டமாட்டேன். நூறு ஜீப்பில் எத்தனை பேர் சித்தியைக் காப்பாற்ற மாற்றுகிறார்கள், எத்தனை பேர் போட்டோவுக்கு மாற்றுகிறார்கள்? போட்டோக்காரர்கள் அதிகமாகிவிட்டதால்தான் சட்டம் இப்படி ஆனது. போலி அதிகமானால் அசலுக்கும் சேர்த்து அடி விழும். இது எங்கள் எழுத்துத் தொழிலிலும் உண்டு. ஆனாலும் வருஷா வருஷம் வெள்ளம் பார்க்கிற ஒரு ஊரில், எந்த மாற்றத்தைப் பரிசோதித்து அனுமதிக்கலாம் என்று ஒரு அதிகாரியும் ஒரு பாயும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசினால் குடிமுழுகிப் போகாது.

இப்போது 2020-க்கு அப்புறம் வந்த புதுத் தார்கள் ரோடு பூராவும் ஓடுகின்றன. ஏ.சி., டச் ஸ்கிரீன், எல்லாம் இருக்கிறது. ஷோரூமிலிருந்து வந்த அன்றே ஸ்டிக்கர் ஒட்ட ஓடுகிறார்கள். உங்களிடம் ஒன்று இருந்தால் சந்தோஷம். ஒரு வேண்டுகோள்தான். அதில் எதையாவது மாட்டுவதற்கு முன்னால் பாயின் கேள்வியை ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் மாட்டுங்கள், ஆர்.சி.யையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ஏரிக்குப் போனால் வண்டியைக் கரைக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு இறங்கி நடங்கள்.

எங்கள் ஜீப்புக்கு 2024-ல் இன்னொரு ஐந்து வருஷம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்நார்க்கல் பரண்மேல் பழைய நியூஸ்பேப்பரில் சுற்றிக் கிடக்கிறது. ஐப்பசி பிறந்தால் மச்சினன் அதை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமையும் பூண்டிக்குப் போனோம். குடியம் தடத்தில் முந்தின நாள் மழை. வீடு திரும்பியபோது சக்கரம் நிறையச் செம்மண் சேறு. வாசலில் என் மாமியார் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அத்தனை சேத்தையும் தெருவுலயா கொட்டப்போறீங்க? கோலம் போட்ட வாசல்டா!"

மச்சினன் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, காய்ந்த சேற்றை டயரிலிருந்து ஒவ்வொரு கட்டையாகத் தட்டி எடுத்தான். தண்ணீர் ஊற்றவில்லை.